ஒரு வினை, பல பொருள்: 'டேக் ஆஃப்' தரும் மொழிப்பாடம்

ஆங்கிலம் கற்கும் மாணவர்க்கு அரிய சொற்களைவிட எளிய சொற்களே மிகுந்த இடர் தருகின்றன. அரிய சொல்லின் பொருளை அகராதி ஒரு வரியில் உணர்த்திவிடும். 'டேக்', 'ஆஃப்' என்னும் இரண்டையும் தொடக்கப்பள்ளி மாணவரும் அறிவர். ஆயினும் இரண்டும் இணைந்து 'டேக் ஆஃப்' என நிற்கும்போது பொருள் இடத்துக்கு இடம் மாறுகிறது. ஜொகூர் மாநிலக் குளுவாங் மாவட்டத்துப் பாலோ போன்ற சிற்றூர்களில் தமிழ், மலாய், ஆங்கிலம் ஆகிய மூன்றையும் ஒருங்கே பயிலும் நம் மாணவர்க்கு இவ்வினை ஒரு நல்ல ஆய்வுப்பொருள். அதனையே இவ்வுரையில் எடுத்துக்கொள்வோம்.

இத்தகைய வினைகளை ஆங்கிலத்தார் 'ஃபிரேசல் வெர்ப்' என்பர். நாம் சொற்றொடர் வினை எனலாம். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் பதிப்பாசிரியர்களுள் ஒருவரான ஹென்றி பிராட்லி முன்மொழிந்த இப்பெயரை, லோகன் பியர்சல் ஸ்மித் 1925இல் வெளியிட்ட தம் நூலில் எடுத்தாண்டார். ஆனால், சிக்கல் பெயரினும் பழையது. 1755இல் தம் அகராதிக்கு முன்னுரை வரைந்த சாமுவேல் ஜான்சன், இவ்வினைகள் பிறமொழியாளர்க்குப் பெருந்தொல்லை தருவன என்று குறித்து, எடுத்துக்காட்டுகளை அடுக்கினார். 'டேக் ஆஃப்' அவற்றுள் ஒன்று. அதற்கு அவர் தந்த பொருள், 'பார்த்து அதுபோலச் செய்தல்'. வானூர்தி தோன்றாத காலம் அது.

பொருள்களும் அவற்றின் உறவும்

இன்று இவ்வினைக்கு வழங்கும் பொருள்களுள் முதன்மையானவற்றைத் தமிழில் நிறுத்திப் பார்ப்போம். காலணியைக் கழற்றுதல், விமானம் மேலெழுதல், விலையில் பத்து வெள்ளி குறைத்தல், ஒரு நாள் விடுப்பு எடுத்தல், சொல்லாமல் கிளம்பிவிடுதல், வணிகம் விரைந்து வளர்தல், ஒருவரைப்போல் பேசி நடித்துக் காட்டுதல். பொருளியலறிஞர் ரோஸ்டோவ், 1960இல் வெளியிட்ட நூலில், ஒரு நாட்டின் பொருளாதாரம் தானே வளரத் தொடங்கும் கட்டத்துக்கும் இப்பெயரையே சூட்டினார்.

இவை தொடர்பற்ற பொருள்களா? 'ஆஃப்' என்பது, ஒட்டியிருந்தது அகலுதலை உணர்த்தும் இடைச்சொல். காலிலிருந்து காலணி அகல்கிறது. தரையிலிருந்து விமானம் அகல்கிறது. விலையிலிருந்து பத்து வெள்ளியும், வேலைநாள்களிலிருந்து ஒரு நாளும், இருந்த இடத்திலிருந்து ஆளும் அகல்கின்றனர். வணிக வளர்ச்சி, மேலெழுதலின் உருவகம். நடித்துக் காட்டுதலையும், ஒருவரது பாங்கை அவரிடமிருந்து பிரித்தெடுத்துத் தம்மேல் ஏற்றிக்கொள்வதாகக் கருதலாம். ஏழு பொருளையும் மனப்பாடம் செய்யும் மாணவர்க்குச் சுமை ஏழு. இவ்வுறவை உணர்ந்தவர்க்குச் சுமை பெரிதும் குறையும்.

தமிழில் இந்நெறி

சொல்லின் பொருளை அதன் சூழலே தெளிவிக்கும் என்பது தமிழிலக்கணத்தில் பழைய நெறி. தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் பலபொருள் ஒருசொல்லை இரண்டாகப் பகுத்து, அவற்றுள் ஒருவகையின் பொருள், சேரும் வினையாலும் இனத்தாலும் சார்பாலும் தெளியும் என்கிறார். மா பூத்தது எனின் மரம்; மா கனைத்தது எனின் குதிரை. பெயர்க்குக் கூறிய இந்நெறியை வினைக்கும் விரித்துக் காணலாம். பாம்பு படம் எடுத்தது, புகைப்படக்காரர் படம் எடுத்தார் என்னும் இரண்டிலும் சொற்கள் ஒன்றே. எழுவாய் மாறப் பொருளும் மாறுகிறது.

ஆங்கிலச் சொற்றொடர் வினையை ஒத்த அமைப்பும் தமிழில் உண்டு. ஆங்கிலம் இடைச்சொல்லை வினைக்குப் பின் வைக்கிறது. தமிழ் இடம் குறிக்கும் சொல்லை முன் வைக்கிறது. 'கொள்' என்னும் வினை உட்கொள், மேற்கொள், எதிர்கொள் என நிற்கும். பயணம் மேற்கொள்பவர் எதனையும் தலைமேல் சுமப்பதில்லை. 'படு' என்பது உட்படு, வெளிப்படு, புறப்படு என விரியும். தொடர்வண்டி பாலோ நிலையத்திலிருந்து புறப்பட்டது என்று நாள்தோறும் சொல்லும் மாணவர், புறம் என்பதும் படு என்பதும் சேர்ந்த சொற்றொடர் வினையையே ஆள்கிறார். அதைச் சுட்டிக்காட்டினால், ஆங்கில அமைப்பு அவர்க்கு அயலாகத் தோன்றாது.

மும்மொழிச் சூழல்

'டேக்', 'அம்பில்', 'எடு' ஆகியன முறையே ஆங்கிலம், மலாய், தமிழ் மொழிகளில் ஏறக்குறைய ஒரே அடிப்படைப் பொருளுடையவை. புகைப்படத்தை மூன்று மொழியும் 'எடுக்கவே' செய்கின்றன. இவ்வொற்றுமையை நம்பி மேலும் சென்றால் இடறுவோம். மலாயில் 'அம்பில் ஹாத்தி' என்பது பிறர் மனத்தைக் கவர்தல். ஆங்கிலத்தில் 'டேக் ஹார்ட்' என்பது துணிவு கொள்ளல். காலணியைக் கழற்றுவதற்கும் கதவைத் திறப்பதற்கும் மலாயில் 'புக்கா' ஒன்றே போதும். தமிழில் அவை இருவேறு வினைகள்.

'டேக்' என்றதும் 'எடு' என்றே எழுதும் பழக்கத்தால் வரும் கேடு இங்கேதான் உள்ளது. அவன் சட்டையைக் கழற்றினான் என வரவேண்டிய இடத்தில், அவன் சட்டை எடுத்தான் என மாணவர் மொழிபெயர்த்தால், தீபாவளிக்குப் புதுச்சட்டை வாங்கினான் என்றே தமிழர் பொருள் கொள்வர். பொருள் பிழைபடுவதோடு வேறோர் இழப்பும் நேர்கிறது. மோதிரத்தைக் கழற்றுகிறோம், தோலை உரிக்கிறோம், பூவைக் கொய்கிறோம், காயைப் பறிக்கிறோம், களையைப் பிடுங்குகிறோம். அகற்றும் முறைக்கேற்ப வினையை வேறுபடுத்தியது தமிழ். எல்லா இடத்தும் 'எடு' நுழையுமாயின், இவ்வினைகள் அகராதியில் மட்டுமே எஞ்சும்.

வகுப்பறைக்கு

ஆசிரியர்க்கு மூன்று பரிந்துரைகள். சொற்றொடர் வினையைத் தனிச்சொல்லாகத் தராமல், எழுவாயும் செயப்படுபொருளும் சேர்ந்த முழு வாக்கியமாகத் தருக. இடைச்சொல்லின் அடிப்படைப் பொருளை முதலில் விளக்கி, பிற பொருள்கள் அதிலிருந்து கிளைப்பதைக் காட்டுக. மொழிபெயர்க்கச் சொல்லும்போது, இச்செயலை வீட்டில் தமிழில் எவ்வாறு சொல்வோம் என்று மாணவரை வினவுக. விடையாக வரும் வினைகளைக் கரும்பலகையில் வரிசைப்படுத்தினால், ஓர் ஆங்கில வினைக்கு ஏழு தமிழ் வினைகள் நிற்கும். ஆங்கிலப் பாடமாகத் தொடங்கியது அப்போது தமிழ்ப் பாடமாகவும் நிறைவுறும்.