நூடுல்ஸில் மூணு மடங்கு காரம்... வயிறு தாங்குமா?

"ஒரே ஒரு தடவை டேஸ்ட் பண்ணிப் பார்க்கிறேம்மா, ப்ளீஸ்!"

வீட்டில் பத்து, பன்னிரண்டு வயசுப் பிள்ளை இருந்தால் இந்தக் கெஞ்சல் உங்களுக்குப் பழகியிருக்கும். மசாலா, தக்காளி, சிக்கன் என்று இருந்த இன்ஸ்டன்ட் நூடுல்ஸில் இப்போது சீஸ், கிம்ச்சி, 'ரெண்டு மடங்கு காரம்', 'மூணு மடங்கு காரம்' என்று தினுசு தினுசாக வருகிறது. நெருப்பைக் கக்கும் கோழிப் படம் போட்ட கொரிய நூடுல்ஸ் சென்னை, திருச்சியோடு நிற்கவில்லை. பெரம்பலூர், அரியலூர் பக்கமும் பிள்ளைகள் பெயர் சொல்லிக் கேட்கிறார்கள். வாங்கிக் கொடுக்கலாமா?

தடுத்த நாடு

தென் கொரியாவின் சாம்யாங் கம்பெனி 2012-ல் கொண்டுவந்தது 'புல்டாக்' நூடுல்ஸ். 2024 ஜூனில் டென்மார்க் அரசின் உணவுத் துறை, இதில் அதிகக் காரமுள்ள மூன்று ரகங்களைக் கடைகளிலிருந்து திரும்பப் பெறச் சொன்னது. காரச் சத்தின் அளவு கூடுதல், குழந்தைகளுக்கு ஆபத்து என்பது காரணம். மறு ஆய்வுக்குப் பிறகு ஜூலையில் இரண்டு ரகங்களுக்கு அனுமதி கிடைத்தது. 'மூணு மடங்கு' ரகத்துக்கு மட்டும் கிடைக்கவில்லை.

"வெள்ளைக்காரனுக்கு எரியும். ஆவக்காய் ஊறுகாயை அப்படியே சாப்பிடுறவங்க நாம... நமக்கென்ன?" என்று கேட்கலாம். நம் வீட்டுக் குழம்பில் போடும் மிளகாய்த்தூள் புளி, எண்ணெய், தேங்காய், பருப்போடு கலந்து, குடும்பம் முழுவதற்கும் பிரிந்து போகிறது. நாமும் அதைச் சோற்றில் பிசைந்துதான் சாப்பிடுகிறோம். இங்கேயோ மொத்தக் காரமும் ஒரே ஒரு சின்ன சாஸ் பாக்கெட்டில் இருக்கிறது. அதை ஒரே கிண்ணத்தில் ஊற்றி, ஒரே பிள்ளை, ஐந்து நிமிடத்தில் சாப்பிட்டு முடிக்கிறது!

நாக்கு ஏன் எரிகிறது?

மிளகாயில் உள்ள காரப் பொருளின் பெயர் கேப்சைசின். சூட்டை உணர்வதற்காக நம் நரம்புகளில் ஓர் அமைப்பு இருக்கிறது. சுமார் 43 டிகிரி சூட்டில் விழித்துக்கொள்ளும் அந்த அமைப்பை, கேப்சைசின் சூடே இல்லாமல் தட்டி எழுப்பிவிடுகிறது. 1997-ல் இதைக் கண்டுபிடித்த குழுவின் தலைவர் டேவிட் ஜூலியஸுக்கு 2021-ல் நோபல் பரிசு கிடைத்தது.

'வாய் சுட்டுவிட்டது' என்று மூளை நம்புகிறது. உடனே வியர்வை, கண்ணீர், மூக்கில் நீர்! இந்த நரம்புகள் வாயோடு முடியவில்லை. இரைப்பை, குடல், ஆசனவாய் வரை இருக்கின்றன. அதனால்தான் ராத்திரி சாப்பிட்ட காரம் காலையில் திரும்பவும் கணக்குக் கேட்கிறது.

பெரியவர்கள் பலருக்கு இது கொஞ்ச நேர அவஸ்தைதான். ஆனால் அல்சர், மூலம், நெஞ்செரிச்சல், ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்களுக்கு விளையாட்டல்ல. 2023-ல் அமெரிக்காவில் 14 வயசுப் பையன் ஒருவன், சவாலுக்காகக் கடுங்கார சிப்ஸ் ஒன்றைச் சாப்பிட்ட அன்றே இறந்தான். காரப் பொருளைச் சாப்பிட்ட நிலையில் இதயமும் மூச்சும் நின்றது, அவனுடைய இதயமும் இயல்பைவிடப் பெரிதாக இருந்தது என்றது பிரேதப் பரிசோதனை. பிள்ளையின் உடம்புக்குள் என்ன குறை ஒளிந்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? 'யார் முழுசா முடிக்கிறது பார்ப்போம்' என்ற பந்தயம் மட்டும் வேண்டவே வேண்டாம்.

தண்ணி வேண்டாம், தயிர் கொடுங்கள்

கேப்சைசின் தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும். தண்ணீர் குடித்தால் எரிச்சல் வாய் முழுக்கப் பரவும். பால், தயிர், ஒரு கவளம் தயிர்சாதம்... இவைதான் மருந்து. சாஸ் பட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவும் முன் கண்ணைத் தொடக் கூடாது. வாந்தி நிற்காமல் போனாலோ, நெஞ்சுவலி, மூச்சுத் திணறல் வந்தாலோ கைவைத்தியம் பார்க்காமல் டாக்டரிடம் ஓடுங்கள்.

காரம் மறைக்கும் உப்பு

காரம் வாயில் தெரிந்துவிடும். அதன் பின்னால் ஒளிந்திருக்கும் உப்பு தெரியாது. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பாக்கெட்டின் பின்புறம் 'சோடியம்' எத்தனை மில்லிகிராம் என்று பாருங்கள். அதை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு வரும். 1,200 மில்லிகிராம் சோடியம் என்றால் 3 கிராம் உப்பு. ஒரு வேளைச் சிற்றுண்டியிலேயே பாதி நாள் உப்புக்கு மேல் உள்ளே போய்விடும்! பிளட் பிரஷர் உள்ள தாத்தா, பாட்டி 'ஒரு வாய்' கேட்டால் யோசித்துக் கொடுங்கள்.

நூடுல்ஸும் பெரும்பாலும் மைதாதான், அதுவும் எண்ணெயில் பொரித்தது. 1958-ல் ஜப்பானில் மொமொஃபுகு ஆண்டோ கண்டுபிடித்த வழி இது. பொரிக்கும்போது ஈரம் போய்விடுவதால் மாதக்கணக்கில் கெடாது. கொதிநீரில் சட்டென்று வேகும். வயிறு நிறையும், நார்ச்சத்தும் புரதமும் குறைவு.

ஆசையைத் தீர்க்க ஒரு வழி

எப்போதாவது ஒரு நாள் என்றால் இப்படிச் செய்யுங்கள்:

* 'மூணு மடங்கு' ரகம் வீட்டுக்கே வேண்டாம். சின்னப் பிள்ளைகளுக்கு எந்தக் கடுங்கார ரகமும் வேண்டாம்.

* மற்ற ரகங்களில் சாஸை கால் பங்கு மட்டும் ஊற்றுங்கள். காரத்தோடு உப்பும் குறையும்.

* பெரம்பலூர் பக்கம் சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் விளைகிற மண். அரியலூர் பக்கம் முந்திரி. வெங்காயத்தை வதக்கி, வேகவைத்த சோளமுத்து, கேரட், பீன்ஸ் சேருங்கள். மேலே நாலு முந்திரி அல்லது ஒரு முட்டை. நூடுல்ஸ் பாதி, காய் பாதி இருக்கட்டும்.

* சைவக் குடும்பமா? பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

* வெறும் வயிற்றிலோ, படுக்கப் போகும் நேரத்திலோ கொடுக்காதீர்கள்.

புது ருசி தேடுவது பிள்ளைகளின் இயல்பு. 'கூடாது' என்று அதட்டினால் சிநேகிதன் வீட்டில் முழுப் பாக்கெட்டையும் காலி செய்துவிட்டு வருவார்கள். நீங்களே பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு கிண்ணம் தயிரோடு, அளவாகக் கொடுப்பதுதான் புத்திசாலித்தனம்!