பாரதியின் 'இந்தியா'வும் கருத்துப்படங்களும்



பாரதியாரைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால் தேசியம், பெண் விடுதலை, தமிழ்ப்பற்று என்று மூன்று பத்தியில் முடித்துவிடுகிறோம். பத்திரிகையாளர் பாரதிக்கு ஒரு வரி கிடைத்தாலே பெரிசு. தமிழ் இதழியலில் அரசியல் கருத்துப்படத்துக்கு வழி போட்டவர் அவர்தான். இதையும் சேர்த்து எழுதிப் பாருங்கள்.

முதலில் சொல். உருவத்தை மிகைப்படுத்திச் சிரிக்க வைப்பது கேலிச்சித்திரம். அரசியல் கருத்து ஒன்றைச் சொல்வது கருத்துப்படம். ஒரே படம் இரண்டாகவும் இருக்கலாம். (கருத்தைச் சொல்லும் படம் என்று விரியும், இரண்டாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை. அதனால்தான் 'ப்' மிகுகிறது. இலக்கணப் பாடத்துக்கும் ஆச்சு!)

1904-இல் 'சுதேசமித்திரன்' உதவியாசிரியரான பாரதி, 1906-இல் சென்னையில் தொடங்கிய 'இந்தியா' வார இதழின் ஆசிரியர் பொறுப்பை ஏற்றார். சிவப்புத் தாளில் அச்சான இதழ் அது. வங்கப் பிரிவினைக்குப் பிறகு சுதேசி இயக்கம் சூடாக இருந்த நேரம். லண்டனில் 1841-இல் தொடங்கிய 'பஞ்ச்' இதழ் கருத்துப்படத்துக்குப் பேர்போனது. அந்த வகைப் படத்தைப் பாரதி தமிழுக்குக் கொண்டுவந்தார். தூரிகை பிடித்தவர் அவர் இல்லை, கருத்து அவருடையது. இந்த வடிவம் வாசகருக்குப் புதிது என்பதால் படத்தோடு விளக்கமும் வரும்.

அன்றைக்குப் படம் போடுவது லேசான வேலை இல்லை. மரத்திலோ உலோகத்திலோ இடவல மாற்றமாக அச்சுக்கட்டை தயாராக வேண்டும். காசும் நேரமும் பிடிக்கும். அப்படியும் பாரதி விடவில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் படம் போய்ச் சேரும் என்பதுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

விலை கொடுத்தவர் யார்? மாணவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. 1908-இல் கைதானவர் பாரதி இல்லை. சட்டப்படி ஆசிரியராகப் பதிவாகியிருந்த மு. சீனிவாசன்தான் தேச நிந்தனை வழக்கில் சிறைக்குப் போனார். பாரதி பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்குச் சென்றார். 'இந்தியா' அங்கிருந்து மீண்டும் வெளிவந்து 1910-இல் நின்றது. பாரதி கைதானது 1918-இல், புதுச்சேரியை விட்டு வெளியே வந்தபோது, கடலூர்ப் பக்கம். சீனிவாசன் பெயர் நம் விடைத்தாள்களில் வருவதே இல்லை. எழுதுங்கள், ஐயா.

இது பழங்கதை என்று நினைக்க வேண்டாம். நம் நாட்டுக் கருத்துப்பட ஓவியர் சூனார் மீது 2015-இல் 9 தேச நிந்தனைக் குற்றச்சாட்டுகள் சுமத்தப்பட்டன. 2018-இல் அவை மீட்டுக்கொள்ளப்பட்டன. படிவம் 4, 5 மாணவர்களுக்கு இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டினால் பேச்சு தானாக வரும்.

ஆ. இரா. வேங்கடாசலபதி தொகுத்த 'பாரதியின் கருத்துப்படங்கள்' நூலைப் பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் போகும்போது புத்தகக் கடைகளில் விசாரியுங்கள். கிடைத்தால், விளக்கத்தைக் கையால் மறைத்துவிட்டுப் படத்தை மட்டும் மாணவரிடம் காட்டுங்கள். யார் பெரிதாக இருக்கிறார், யார் கையில் என்ன இருக்கிறது, யார் யாரைப் பார்க்கிறார் என்று கேளுங்கள். விளக்கத்தை அப்புறம் படிக்கலாம்.