பல்கலைக்கழக மைதானமும் தோட்டத்துப் பிள்ளையும்

இரத்தினபுரியிலிருந்து பலாங்கொடை வழியாக ஹல்துமுல்லை நோக்கிச் செல்லும் ஏ-4 பிரதான வீதியில், பெலிஹுல்ஓயாவை அண்மித்த பம்பஹின்னவில் சபரகமுவ பல்கலைக்கழகம் அமைந்துள்ளது. 1991 இல் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தோற்றம் பெற்று, 1996 இல் பல்கலைக்கழகமாக இயங்கத் தொடங்கிய இந்நிறுவனம், விளையாட்டு விஞ்ஞானத்துக்கும் உடற்கல்விக்கும் எனத் தனித் துறையொன்றைக் கொண்டது. அங்குள்ள மைதானத்துக்கும், பயிற்றுநர்களுக்கும், அணிகள் வெளியூர் சென்று போட்டியிட்டுத் திரும்புவதற்கும் ஆகும் செலவை யார் ஏற்கின்றனர் என்ற கேள்வியை நாம் பெரும்பாலும் எழுப்புவதில்லை. ஆனால், எழுப்பவேண்டிய கேள்விதான் அது. ஏனெனில், அம்மைதானத்தில் ஒருபோதும் காலடி வைத்திராத தோட்டத் தொழிலாளியும் அச்செலவில் தமது பங்கைச் செலுத்துகின்றார்.

பல்கலைக்கழக விளையாட்டுக்கு மானியம் வழங்குவது குறித்து உலகிலேயே மிகக் கூடுதலாக விவாதிக்கப்படும் நாடு அமெரிக்காவாகும். அங்கு கல்லூரி விளையாட்டு என்பது பெரும் வர்த்தகம். எண்பதாயிரம், ஒரு இலட்சம் பேர் அமரக்கூடிய அரங்குகள் பல்கலைக்கழகங்களுக்குச் சொந்தமாக உள்ளன. தொலைக்காட்சி உரிமம் கோடிக்கணக்கான டொலர்களுக்கு விற்பனையாகின்றது. இவற்றைக் காணும் எவரும், விளையாட்டினால் பல்கலைக்கழகங்கள் கொழித்துச் செழிப்பதாகவே எண்ணுவர். உண்மை நிலைமை அதுவன்று. அந்நாட்டின் தேசிய கல்லூரி விளையாட்டுச் சங்கத்தில் அங்கம் வகிக்கும் சுமார் 1,100 கல்லூரிகளில், 2019 ஆம் ஆண்டுக் கணக்கின்படி விளையாட்டில் செலவை விட வருவாயைக் கூடுதலாக ஈட்டியவை 25 மாத்திரமே.

எஞ்சியவற்றின் பற்றாக்குறை எவ்வாறு நிரப்பப்படுகின்றது? நுழைவுச்சீட்டு, தொலைக்காட்சி உரிமம், விளம்பரம், நன்கொடை ஆகியன விளையாட்டுத்துறை தானாக ஈட்டும் வருவாயாகும். இது போதாதவிடத்து, பல்கலைக்கழகம் தனது பொது நிதியிலிருந்து பணத்தை ஒதுக்கும். மாணவர் ஒவ்வொருவரிடமும் விளையாட்டுக் கட்டணம் அறவிடப்படும். மாநில அரசாங்கமும் சில இடங்களில் உதவும். கட்டடம், மின்சாரம், நிர்வாகச் சேவை போன்றவற்றை இலவசமாக வழங்குவது மற்றொரு வகையான மறைமுக மானியமாகும். நடுத்தரப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் விளையாட்டு வரவு செலவின் பாதிக்கும் மேற்பட்ட பங்கு இவ்வழிகளிலேயே பெறப்படுகின்றது. கடன்பட்டுக் கற்கும் மாணவர், தாம் பார்க்கவும் செல்லாத போட்டிகளுக்காகப் பணம் செலுத்துகின்றார் என்பதே இதன் பொருளாகும்.

1958 ஆம் ஆண்டு டோக்கியோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் உயரம் பாய்தலில் தங்கப்பதக்கம் வென்ற நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் அவர்களைத் தமிழ் பேசும் மக்கள் நன்கறிவர். அவர் கல்வி பயின்று, பாய்தலிலும் பங்கேற்ற இடம் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகமாகும். அத்தகைய புகழ்பெற்ற பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத்துறைகூட அண்மைய ஆண்டுகளில் தொடர்ச்சியாகப் பற்றாக்குறையையே காட்டி வந்துள்ளது. இதற்கிடையில், 2025 ஜூன் மாதம் அமெரிக்க நீதிமன்றமொன்று அங்கீகரித்த இணக்கப்பாட்டின்படி, பல்கலைக்கழகங்கள் தமது வீரர்களுக்கு நேரடியாகவே பணம் வழங்க முடியும். 2025-2026 கல்வியாண்டில் ஒரு பல்கலைக்கழகம் வழங்கக்கூடிய உச்சத் தொகை 20.5 மில்லியன் டொலராக நிர்ணயிக்கப்பட்டது. வீரர்களின் உழைப்புக்கு ஊதியம் கிடைப்பது நியாயமானதே. ஆயினும், அப்பணத்துக்காக எந்த விளையாட்டு கைவிடப்படும், யாருடைய கட்டணம் உயரும் என்னும் கேள்விகளும் உடன் எழுந்துள்ளன.

நமது நாட்டின் நிலைமை இதற்கு நேர்மாறானது. இங்கு பல்கலைக்கழக விளையாட்டினால் எவரும் இலாபம் ஈட்டுவதில்லை. 1945 இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியின் பயனாக, அரச பல்கலைக்கழகங்களின் உள்வாரி மாணவர் கற்கைக் கட்டணம் செலுத்துவதில்லை. ஆகவே, விளையாட்டுக்கான செலவை அவர்களது கட்டணத்தில் சுமத்தவும் வழியில்லை. பாராளுமன்றம் ஆண்டுதோறும் அங்கீகரிக்கும் நிதி, திறைசேரியிலிருந்து, 1978 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின் கீழ் அமைந்த பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவினூடாகப் பல்கலைக்கழகங்களைச் சென்றடைகின்றது. உடற்கல்விப் பிரிவின் ஊழியர் சம்பளம், உபகரணங்கள், போக்குவரத்து போன்றவை மீண்டெழும் செலவினத்துள் அடங்கும். மைதானம், உள்ளக அரங்கு போன்றவற்றை அமைப்பது மூலதனச் செலவினமாகும். மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை நடைபெறும் இலங்கைப் பல்கலைக்கழக விளையாட்டு விழாவில் பங்கேற்கும் அணிகளும் இந்நிதியையே பெரிதும் நம்பியிருக்கின்றன. அது போதாதபோது பழைய மாணவரையும் வர்த்தகர்களையும் நாடி அனுசரணை தேடுவது மாணவர்களின் வழக்கமாகும்.

எனவே, நமது பல்கலைக்கழக விளையாட்டு முழுமையாகவே பொதுமக்களின் மானியத்தில் இயங்குவதாகும். அம்மானியத்தை வழங்குவோர் வருமான வரி செலுத்துவோர் மாத்திரமல்லர். 2024 ஜனவரியில் 18 வீதமாக உயர்த்தப்பட்ட பெறுமதி சேர் வரியை, கடையில் சவர்க்காரம் வாங்கும் ஒவ்வொருவரும் செலுத்துகின்றனர். இரக்குவானையில் கொழுந்து பறிக்கும் தாயும், கஹவத்தையில் இறப்பர் பால் வெட்டும் தந்தையும், இரத்தினபுரி நகரில் சிறுகடை நடத்தும் முஸ்லிம் வியாபாரியும் இதில் அடங்குவர். அவர்களது பிள்ளைகளுக்கு இம்மானியத்திலிருந்து என்ன கிடைக்கின்றது என்பதே நம்முன் உள்ள வினாவாகும்.

இம்மானியம் பல்கலைக்கழக வாயிலைக் கடந்த பின்னரே ஒருவருக்குக் கிடைக்கும். அவ்வாயிலுக்கு இட்டுச்செல்லும் வழிகளை நோக்குவோம். பெரும்பாலான கற்கைநெறிகளுக்கான அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்பட்டுள்ளது. இரத்தினபுரி அப்பதினாறில் ஒன்று. ஆனால், ஒதுக்கீடு மாவட்டத்துக்கே உரியது. மாவட்டத்தினுள் நகரப் பாடசாலைக்கும் தோட்டப் பாடசாலைக்கும் இடையிலான தூரத்தை அது அளப்பதில்லை. விளையாட்டில் அபாரத் திறமை காட்டியோருக்கெனச் சிறு எண்ணிக்கையிலான விசேட அனுமதியும் உண்டு. உடற்கல்வி சார்ந்த பட்டப்படிப்புக்கு உயர்தரப் பரீட்சைப் பெறுபேற்றுடன் செயன்முறைப் பரீட்சையிலும் தேற வேண்டும். இவ்விரு வழிகளுக்கும் அடிப்படை ஒன்றே: பாடசாலைக் காலத்தில் ஓடுவதற்கு ஒரு மைதானமும், ஓடக் கற்பிப்பதற்கு ஓர் ஆசிரியரும் இருந்திருக்க வேண்டும்.

தோட்டப் பாடசாலைகளில் பல மலைச்சரிவுகளில் அமைந்தவை. 1970 களில் அவை அரசாங்கத்தினால் பொறுப்பேற்கப்பட்ட போதிலும், கட்டடத்தைச் சுற்றியுள்ள நிலம் தோட்ட நிர்வாகத்தின் வசமே இருந்தது. சமதரை கிடைத்த இடங்களிலும் அது தேயிலைக்கும் இறப்பருக்கும் உரியதாயிற்று. லயத்து முற்றத்திலும் தொழிற்சாலைக்கு அருகேயுள்ள சிறு திடலிலும் விளையாடிய பிள்ளை, நானூறு மீற்றர் ஓடுபாதையை முதன்முறையாகக் காண்பது வலய மட்டப் போட்டியில்தான். அப்போது அப்பிள்ளை அங்கு காண்பது, பல ஆண்டுகள் பயிற்சி பெற்று வந்த போட்டியாளர்களை. தோல்வி ஓட்டம் தொடங்குவதற்கு முன்னரே நிகழ்ந்து விடுகின்றது.

இம்மாகாணத்தில் திறமைக்குப் பஞ்சமில்லை. கேகாலை மாவட்டத்தின் வரக்காப்பொலைப் பகுதியைச் சேர்ந்த சுசந்திகா ஜயசிங்க, 2000 ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் 200 மீற்றர் ஓட்டத்தில் மூன்றாமிடம் பெற்றுப் பின்னர் வெள்ளிப்பதக்கத்துக்கு உயர்த்தப்பட்டவர். வறிய கிராமத்துப் பெண்ணொருவர் உலக மேடையில் ஏறியதற்கு அவர் சான்று. ஆனால், அவர் பல்கலைக்கழக விளையாட்டின் வழியாக வந்தவரல்லர். முப்படைகளும் பொலிஸும் இந்நாட்டு விளையாட்டுக்கு வழங்கும் ஆதரவுக்கு ஈடாகப் பல்கலைக்கழகங்கள் வழங்கவில்லை என்பதை மறுப்பதற்கில்லை.

நூலகத்துக்கும் விடுதிக்கும் ஆய்வுகூடத்துக்கும் நிதி போதாத நாட்டில் விளையாட்டுக்கு எதற்கு மானியம் என்று வினவுவோர் உளர். அவ்வினாவை அலட்சியம் செய்ய முடியாது. சிக்காகோ பல்கலைக்கழகம் 1939 இல் தனது புகழ்பெற்ற காற்பந்தாட்ட அணியையே கலைத்துவிட்டுக் கல்வியில் கவனம் செலுத்தியது. ஆயினும், சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும். உடல் நலமும் கூட்டு வாழ்வும் உயர்கல்வியின் ஒரு பகுதியே. இன, மத, மொழி வேறுபாடுகளைக் கடந்து இளைஞர்கள் ஒரே அணியில் நிற்பதற்கு மைதானத்தைப் போன்ற இடம் வேறில்லை. ஆகவே, மானியத்தைக் குறைக்குமாறு நாம் கோரவில்லை. அதன் பயன் வாயிலுக்கு வெளியேயும் செல்ல வேண்டும் என்றே கோருகின்றோம்.

இதற்குப் பெருந்தொகை நிதி தேவையில்லை. முதலாவதாக, விளையாட்டுக்கான செலவை ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தனது ஆண்டறிக்கையில் தனித் தலைப்பின் கீழ், ஆண்களுக்கு எவ்வளவு, பெண்களுக்கு எவ்வளவு என்ற விபரத்துடன் வெளியிடலாம். அமெரிக்காவில் 1972 ஆம் ஆண்டுச் சட்டமொன்று கல்வி நிறுவனங்களில் பால் அடிப்படையிலான பாரபட்சத்தைத் தடைசெய்த பின்னரே மாணவியரின் விளையாட்டு வளர்ச்சி கண்டது. மாணவியருக்கெனத் தனியான பயிற்சி நேரம் ஒதுக்கப்படுமாயின், நமது முஸ்லிம் மாணவியரும் தயக்கமின்றி முன்வருவர். இரண்டாவதாக, விடுமுறை நாட்களில் அயலிலுள்ள தோட்டப் பாடசாலைகளுக்கு மைதானத்தைத் திறந்துவிடலாம். மூன்றாவதாக, உடற்கல்வி பயிலும் தமிழ் பேசும் மாணவர்களைச் செயன்முறைப் பயிற்சிக்காக அப்பாடசாலைகளுக்கே அனுப்பலாம். நான்காவதாக, விசேட அனுமதி, செயன்முறைப் பரீட்சை ஆகியவை பற்றிய விபரங்களை உயர்தர வகுப்புத் தொடங்கும்போதே தமிழ் மொழியில் பாடசாலைகளுக்கு அறிவிக்கலாம்.

நமது பெற்றோரும் ஆசிரியரும் வாளாவிருத்தலாகாது. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், பொது நிதியில் இயங்கும் எந்தப் பல்கலைக்கழகத்திடமும் அதன் விளையாட்டுச் செலவு குறித்து எந்தவொரு பிரசையும் தமிழிலேயே எழுதிக் கேட்க முடியும். பணம் செலுத்துபவருக்குக் கணக்குக் கேட்கும் உரிமையும் உண்டு. அவ்வுரிமையை, பம்பஹின்னவுக்கு மேலேயும் கீழேயும் உள்ள மலைகளில் வாழும் மக்கள் பயன்படுத்தத் தொடங்குவார்களாயின், அவர்களது வரிப்பணத்தில் சமப்படுத்தப்பட்ட அந்த மைதானத்தில் அவர்களது பிள்ளைகளும் ஓடும் நாள் வெகு தொலைவில் இராது.