புதிய சர்வரில் ப்ராசசர் திணறுகிறதா?

நண்பர் ஒருவர் மருந்து மொத்த வியாபாரம் செய்கிறார். கடையில் பில் போட ஐந்து கம்ப்யூட்டர்கள். ஸ்டாக், விலை, பாக்கி விவரங்களை இந்த ஐந்திற்கும் எடுத்துக் கொடுப்பது உள் அறையில் இருக்கும் ஒரு சர்வர். சர்வர் என்றவுடன் தயங்க வேண்டாம். அதுவும் உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் போன்றதுதான். ஒருவருக்குப் பதிலாகப் பலருக்கு ஒரே நேரத்தில் வேலை செய்கிறது. இரவு பகலாக இயங்குகிறது. அவ்வளவுதான்.

அவருடைய பழைய சர்வரில் இருந்தது விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2. இதற்கான வழக்கமான சப்போர்ட்டை மைக்ரோசாப்ட் 2023 அக்டோபரில் நிறுத்திவிட்டது. எனவே புதிய சர்வர் ஒன்றை வாங்கி, விண்டோஸ் சர்வர் 2022 பதிந்து, ஒரு சனிக்கிழமை இரவில் பழைய பைல்கள் அனைத்தையும் அதற்கு மாற்றினார். திங்கட்கிழமை கடை திறந்தால் ஒரு பில் போட ஒரு நிமிடம் ஆகிறது! சரக்கு எடுக்க வந்தவர்கள் வரிசையில் நிற்கிறார்கள். விற்றவரைக் கேட்டால், "ராம் மெமரி போதவில்லை, இன்னும் போட வேண்டும்" என்கிறார். புதன்கிழமை, செக் எழுதும் முன் நண்பர் என்னை அழைத்தார்.

இது போன்ற நேரத்தில் முதலில் திறக்க வேண்டியது டாஸ்க் மேனேஜர். கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று கீகளையும் சேர்த்து அழுத்தவும். சுருக்கமாகக் கிடைத்தால் மோர் டீடெய்ல்ஸ் என்பதில் கிளிக் செய்திடவும். ப்ராசசஸ் பிரிவில் சி.பி.யு. என்ற தலைப்பில் கிளிக் செய்தால், ப்ராசசரை அதிகம் பயன்படுத்தும் புரோகிராம் மேலே வந்துவிடும். பக்கத்திலேயே மெமரிக்கான சதவீதமும் இருக்கும். நண்பரின் சர்வரில் ப்ராசசர் 90க்கு மேல். மெமரியோ மூன்றில் ஒரு பங்கு கூட நிரம்பவில்லை. அப்படியானால் ராம் சேர்த்து என்ன பயன்?

ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். ப்ராசசர் 100 சதவீதம் காட்டுவது தானாகவே ஒரு கோளாறு ஆகிவிடாது. வீடியோ ஒன்றை வேறு பார்மட்டிற்கு மாற்றும்போது அப்படித்தான் காட்டும். எந்த புரோகிராம், எவ்வளவு நேரமாக என்ற இரண்டையும்தான் பார்க்க வேண்டும். டீடெய்ல்ஸ் பிரிவில் சிஸ்டம் ஐடில் ப்ராசஸ் 95 என்று இருப்பதைப் பார்த்துப் பதறிப் போய்ப் போன் செய்பவர்கள் இன்றும் உண்டு. ப்ராசசர் அவ்வளவு தூரம் சும்மா இருக்கிறது என்று அதற்குப் பொருள்!

புதிய கம்ப்யூட்டருக்கு முதல் ஓரிரு நாட்கள் வேலை அதிகம். நீங்கள் காப்பி செய்த போட்டோக்களையும் பைல்களையும் ஆன்டி வைரஸ் சோதிக்கும். விண்டோஸ் சர்ச் அவற்றைப் பட்டியலிடும். அப்டேட்கள் இறங்கும். இவற்றை எண்ட் டாஸ்க் கொடுத்து நிறுத்த வேண்டாம், மீண்டும் தொடங்கும். லேப்டாப் என்றால் சார்ஜரை இணைத்து, ஸ்லீப் நிலைக்குப் போகாதபடி ஓர் இரவு விட்டுவிடுங்கள். பெரும்பாலும் காலையில் சரியாகிவிடும்.

நண்பரின் சர்வரில் நான்காம் நாளும் அதே நிலைதான். பட்டியலின் மேலே இரண்டு பெயர்கள் மாறி மாறி வந்தன. ஒன்று, அவர் பணம் கட்டி வாங்கிய ஆன்டி வைரஸ். மற்றொன்று ஆன்டிமால்வேர் சர்வீஸ் எக்ஸிக்யூட்டபிள், அதாவது விண்டோஸுடன் வரும் டிபெண்டர். பில்லிங் புரோகிராம் ஒவ்வொரு பில்லுக்கும் பல பைல்களைத் திறந்து மூடுகிறது. திறக்கும் ஒவ்வொரு பைலையும் இரண்டு காவலர்களும் தனித்தனியே சோதிக்கிறார்கள். ஐந்து பேர் பில் போட்டால் கேட்க வேண்டுமா?

பழைய சர்வரில் ஏன் இந்தத் தொல்லை இல்லை? 2012 ஆர்2 தொகுப்பில் டிபெண்டர் ஆன்டி வைரஸ் கிடையாது. 2016 பதிப்பிலிருந்துதான் சர்வரில் அது சேர்ந்து வருகிறது. வீட்டில் உள்ள விண்டோஸ் 10, 11இல் வேறு ஆன்டி வைரஸ் பதிந்தால் டிபெண்டர் தானாகவே ஒதுங்கிக்கொள்ளும். சர்வர் பதிப்புகளில் அப்படி ஒதுங்காது. நாம்தான் நிறுத்த வேண்டும். நிறுவியவர் இதைக் கவனிக்கவில்லை.

பணம் கட்டிய ஆன்டி வைரஸ் அப்டேட் ஆகியிருக்கிறதா என்று முதலில் உறுதி செய்துகொண்டோம். கடை மூடிய பின் சர்வர் மேனேஜரில் ரிமூவ் ரோல்ஸ் அண்ட் பீச்சர்ஸ் வழியாக டிபெண்டரை நீக்கி, ரீஸ்டார்ட் செய்தோம். பில்லிங் புரோகிராம் தயாரித்தவர்களைக் கேட்டு, அதன் டேட்டா போல்டரை மட்டும் உடனடிச் சோதனையிலிருந்து விலக்கினோம். வேகம் வேண்டும் என்று சி டிரைவ் முழுவதையும் விலக்கிவிடாதீர்கள். அது வாசற்கதவைக் கழற்றி வைப்பது போன்றது.

உங்கள் கம்ப்யூட்டரில் வேறு பெயர் மேலே இருக்கலாம். சர்வீஸ் ஹோஸ்ட் என்றால் அருகில் உள்ள அம்புக்குறியில் கிளிக் செய்திடவும். உள்ளே எந்த சர்வீஸ் இயங்குகிறது என்று தெரியும். சிஸ்டம் இன்டரப்ட்ஸ் தொடர்ந்து அதிகமாக இருந்தால் டிரைவர் அல்லது ஹார்ட்வேர் மீது சந்தேகம் கொள்ளலாம். யு.எஸ்.பி. சாதனங்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். அறியாத பெயர் என்றால் ரைட் கிளிக் செய்து, ஓபன் பைல் லொகேஷன் மூலம் அது எந்த போல்டரில் இருக்கிறது என்று பார்த்து, முழு வைரஸ் ஸ்கேன் கொடுக்கவும்.

சதவீதம் குறைவாக இருந்தும் ஒரு புரோகிராம் சிக்கிக்கொண்டிருக்கலாம். பெர்பார்மன்ஸ் பிரிவில் லாஜிகல் ப்ராசசர் எத்தனை என்று இருக்கும். நான்கு என்றால், ஒன்றை முழுதாகப் பிடித்துக்கொண்ட புரோகிராம் ஏறக்குறைய 25 சதவீதம்தான் காட்டும். நண்பரின் சர்வரில் பதினாறு. அங்கே வெறும் 6 சதவீதமே தெரியும். அதே இடத்தில் பேஸ் ஸ்பீட் என்பதையும் பார்க்கவும். வேலை நடக்கும்போது ப்ராசசரின் வேகம் அதைவிட மிகவும் குறைந்தே இருந்தால், விசிறியில் தூசு அடைத்திருக்கலாம், அல்லது பவர் செட்டிங் காரணமாக இருக்கலாம்.

வியாழக்கிழமை காலை பில் உடனுக்குடன் வந்தது. ப்ராசசர் 15 சதவீதத்தைத் தாண்டவில்லை. ராம் வாங்க எடுத்து வைத்த பணத்தில் நண்பர் யு.பி.எஸ். பேட்டரியை மாற்றிக்கொண்டார்.