பத்து வாரத் தவணையின் உண்மை வட்டி

வட்டிக்குக் கொடுப்போர் சொல்லும் கணக்கு எப்பொழுதும் காதுக்குச் சிறியதாகவே ஒலிக்கும். 1957-ஆம் ஆண்டில் நயா பைசா வருமுன் ரூபாய்க்கு 16 அணா. "ரூபாய்க்கு மாதம் காலணா வட்டி" என்றால் அக்காலத்தில் அது ஒரு பொருட்டாகவே தோன்றாது. காலணா என்பது ரூபாயில் 64-இல் ஒரு பங்கு. 12 மாதத்துக்குக் கணக்கிட்டால் நூற்றுக்கு ஆண்டுக்கு 18¾ ரூபாய் ஆகிவிடும். இன்று அணா போயிற்று. கணக்கை மறைக்கும் வழக்கம் போகவில்லை.

நெசவாளர் பலரும் அறிந்த பத்து வாரத் தவணையை எடுத்துக்கொள்வோம். நூல் வாங்கக் கையில் பணமில்லை. 10,000 ரூபாய்க்குக் கடன் எழுதி, வட்டி 1,500 ரூபாயை முன்னதாகவே பிடித்துக்கொண்டு, 8,500 ரூபாயைத் தருகிறார்கள். வாரம் 1,000 ரூபாய் வீதம் கட்டித் தீர்க்கவேண்டும். "நூற்றுக்குப் பதினைந்துதானே!" என்று வாங்குவோர் ஆறுதல் கொள்வர். இவ்விடத்தில் இரண்டு கேள்விகள் கேட்டல் நலம். கைக்கு வந்தது எவ்வளவு? அது எத்தனை நாள் கையில் இருந்தது?

வந்தது 8,500 ரூபாய். வாரந்தோறும் கட்டும் ஆயிரத்தில் 850 ரூபாய் முதலுக்கும் 150 ரூபாய் வட்டிக்கும் போவதாகக் கொள்க. முதல் வாரம் நம்மிடம் நிற்பது 8,500; இரண்டாம் வாரம் 7,650; பத்தாம் வாரம் வெறும் 850. பத்து வாரத் தொகைகளையும் கூட்டினால் 46,750 வரும். அதாவது, 46,750 ரூபாயை ஒரே ஒரு வாரம் வைத்திருந்ததற்கு ஒப்பாகும். அதற்கு 1,500 ரூபாய் வட்டி எனில், நூற்றுக்கு வாரம் ஏறக்குறைய 3 ரூபாய் 21 காசு. ஆண்டின் 52 வாரத்தால் பெருக்கினால் நூற்றுக்கு 167 ரூபாய்! பதினைந்து என்று சொல்லப்பட்டது இதைத்தான்.

இதே தொகையை இதே தவணையில், நூற்றுக்கு ஆண்டுக்கு 12 வட்டியில் ஒரு சங்கம் கொடுத்திருப்பின், வட்டி ஏறக்குறைய 108 ரூபாயோடு நின்றிருக்கும். மிகுதி 1,392 ரூபாயும் தறியில் உழைத்த கூலி அன்றோ? மிகையான வட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டது. கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் முதலியன அதில் பெயர் சுட்டியே தடுக்கப்பட்டுள்ளன.

விவசாயிகளிடையே தானியக் கடன் உண்டு. விதைப்பின்போது ஒரு மூட்டை வாங்கி, நான்கு மாதம் கழித்து அறுவடையில் ஒன்றேகால் மூட்டை அளப்பார்கள். நான்கு மாதத்துக்குக் கால் பங்கு எனில் ஆண்டுக்கு முக்கால் பங்கு, நூற்றுக்கு 75. ஆயினும் இதைக் கொடிய வட்டி என்று உடனே தள்ளிவிட இயலாது. விதைப்பில் 2,000 ரூபாய் விற்ற மூட்டை அறுவடையில் 1,600 ரூபாய்க்கு இறங்குமாயின், ஒன்றேகால் மூட்டையின் விலையும் 2,000 ரூபாயே. பண அளவில் அங்கே வட்டியே இல்லை.

முன்பணம் வாங்குவோர் கதை வேறு. 2,000 ரூபாய் ரொக்கமாகப் பெற்று, அறுவடையில் மூட்டை 1,280 ரூபாய் வீதம் அளப்பதாக ஒருவர் ஒப்புகிறார். அப்போது சந்தையில் விலை 1,600. கடன் தீர அவர் அளக்கும் தானியத்தின் சந்தை மதிப்பு 2,500 ரூபாய். நான்கு மாதத்தில் 500 ரூபாய் போயிற்று. இதுவும் அதே நூற்றுக்கு 75-தான். வட்டி என்ற சொல் மட்டும் பேச்சில் எழவே இல்லை.