யார் செய்த தப்பு? எங்கே இருக்கிறது தப்பு?

(மூன்றாம் ஆண்டு மாணவர், இயந்திரவியல் பிரிவு)



இந்தக் கட்டுரை ஆஸ்பத்திரிகளையும் பள்ளிக்கூடங்களையும் பற்றியது. "லேத்தும் மில்லிங்கும் படிக்கிறவனுக்கு அங்கே என்னப்பா வேலை?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. காரணம் இருக்கிறது. ஒர்க்‌ஷாப்பில் நாம் ஒரு ஜாப்பைக் கெடுத்துவிட்டால் அதை ஸ்கிராப் பெட்டியில் போட்டுவிட்டு, இன்ஸ்ட்ரக்டரிடம் நாலு திட்டு வாங்கி, வேறு ராடும் வாங்கிக் கொள்ளலாம். ஆஸ்பத்திரியில் ஜாப் என்பது ஒரு மனித உயிர். பள்ளிக்கூடத்தில் அது ஒரு பிள்ளையின் வருங்காலம். அங்கே ஸ்கிராப் பெட்டி கிடையாது. அதனால் 'பலர் சேர்ந்து செய்யும் வேலையில் தப்பு நேராமல் இருக்க என்ன வழி?' என்ற கேள்விக்காக அவர்கள் ரொம்பவே மண்டையை உடைத்துக் கொண்டிருக்கிறார்கள். அந்தப் பாடம் நமக்கு இலவசமாகக் கிடைக்கிறது.

டிப்ளமோ முடித்து வேலைக்குப் போகும் நம்மில் பலர் சில வருடங்களில் சூப்பர்வைசர் ஆகிவிடுவோம். மேலே மேனேஜர், கீழே ஆபரேட்டர், நடுவில் நாம். ஒரு பீஸ் ரிஜக்ட் ஆனால் மேலேயிருந்து வரும் முதல் கேள்வி "யார் செஞ்சது?" என்பதுதான். ஒரு பெயரைச் சொல்லிவிட்டால் அன்றைக்குத் தப்பித்து விடலாம். ஆனால் தப்பு அதே இடத்தில்தான் இருக்கும். எப்படி என்று பார்ப்போம்.

சிவப்பு மணி விளையாட்டு

எட்வர்ட்ஸ் டெமிங் என்ற அமெரிக்க அறிஞர் 1950-ல் ஜப்பானுக்குப் போய் அங்குள்ள பொறியாளர்களுக்குத் தரக் கட்டுப்பாடு சொல்லிக் கொடுத்தவர். பிற்காலத்தில் தன் வகுப்புகளில் அவர் ஒரு விளையாட்டு நடத்துவார். ஒரு பெட்டியில் 4000 மணிகள். 3200 வெள்ளை, 800 சிவப்பு. 50 குழிகள் உள்ள ஒரு தட்டைப் பெட்டிக்குள் விட்டு எடுக்க வேண்டும். வெள்ளை மணி நல்ல பீஸ், சிவப்பு மணி ரிஜக்ட். வகுப்பில் இருப்பவர்களே தொழிலாளிகள், டெமிங்தான் ஃபோர்மேன்.

ஒருவருக்கு 6 சிவப்பு வரும். "சபாஷ், சிறந்த தொழிலாளி!" என்று பாராட்டு. இன்னொருவருக்கு 14 வரும். "கவனமே இல்லை!" என்று எச்சரிக்கை. அடுத்த சுற்றில் பாராட்டு வாங்கியவருக்கு 13, திட்டு வாங்கியவருக்கு 8. உடனே ஃபோர்மேன், "பார்த்தீங்களா, திட்டினதும் திருந்திட்டான்!" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். ஏன்னா, பெட்டியில் ஐந்தில் ஒரு பங்கு சிவப்பு இருக்கும்வரை யார் எடுத்தாலும் சராசரியாகப் பத்து வரத்தான் செய்யும். பாராட்டும் மெமோவும் பெட்டிக்குள் இருக்கும் ஒரு சிவப்பு மணியைக்கூடக் குறைக்காது.

அப்படீன்னா ஆளுக்குப் பொறுப்பே இல்லையா? உண்டு. வேண்டுமென்றே வேலையைக் கெடுப்பவரைக் கண்டிக்கத்தான் வேண்டும். ஆனால் பெரும்பாலான தப்பு வேலை செய்கிற ஏற்பாட்டில் இருக்கிறது, அதை மாற்றும் அதிகாரம் நிர்வாகத்திடம் இருக்கிறது என்பதுதான் டெமிங் சொன்ன விஷயம்.

மதுரையில் பெட்டியை மாற்றியவர்

டாக்டர் கோ. வெங்கடசாமி முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப் போனவர். அந்த விரல்களைப் பழக்கியே கண் அறுவை சிகிச்சை செய்தார். அரசுப் பணியிலிருந்து 58 வயதில் ஓய்வு பெற்று, 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார்.

கண்புரையால் பார்வை இழந்தவர்கள் லட்சக்கணக்கில். கண் டாக்டர்களோ கொஞ்சம் பேர். சாதாரண நிர்வாகி என்ன சொல்வார்? "டாக்டர்கள் இன்னும் வேகமா வேலை பார்க்கணும்!" வெங்கடசாமி அப்படிப் பார்க்கவில்லை. டாக்டரின் நேரம் எங்கே வீணாகிறது என்று பார்த்தார். நோயாளியைப் படுக்க வைப்பது, கண்ணைச் சுத்தம் செய்வது, கருவிகளை எடுத்து வைப்பது என்று அத்தனைக்கும் டாக்டர் காத்து நிற்க வேண்டியிருந்தது.

எனவே ஒரு டாக்டருக்கு இரண்டு மேஜைகள். ஒன்றில் அறுவை நடக்கும்போதே அடுத்த மேஜையில் அடுத்த நோயாளி தயாராக இருப்பார். ஒன்று முடிந்ததும் மைக்ராஸ்கோப்பைத் திருப்பி டாக்டர் அடுத்ததைத் தொடங்கி விடலாம். தயார் செய்யும் வேலைகளுக்குக் கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்து இரண்டு வருடம் பயிற்சி கொடுத்தார்கள். டாக்டர் மட்டுமே செய்யக் கூடியதை டாக்டர் செய்கிறார், மற்றதை அதற்கென்றே பழகியவர்கள் செய்கிறார்கள். அங்கே ஒரு டாக்டர் வருடத்துக்கு 2000-க்கும் மேல் அறுவை சிகிச்சை செய்வது இப்படித்தான். நம் 'பிளான்ட் லேஅவுட்' பாடத்தில் படிப்பதேதான் இது! கட்டணம் கொடுப்பவர்களின் பணத்தில் கொடுக்க முடியாதவர்களுக்கும் வைத்தியம் நடக்கிறது. ஆளை விரட்டாமல் ஏற்பாட்டை மாற்றியதால் வந்த பலன் இது.

கை மாறும் நேரம்

இன்பிளான்ட் டிரெயினிங் போன இடத்தில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். காலை ஷிஃப்டில் ஒரு ஃபிக்ஸ்சரின் கிளாம்ப் அடிக்கடி லூசாகிக் கொண்டிருந்தது. காலை ஆபரேட்டர் அவ்வப்போது இறுக்கி இறுக்கி ஓட்டிச் சமாளித்தார். ஷிஃப்ட் முடிந்ததும் பஸ் பிடிக்கிற அவசரத்தில் போய்விட்டார். அடுத்தவரிடம் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும் என்று அங்கே ஏற்பாடு எதுவும் இல்லை. மதியம் வந்தவர் ஓட்டிய பீஸ்கள் ரிஜக்ட். மெமோ அவருக்கு. மறுநாளும் கிளாம்ப் லூசாகவே இருந்தது!

இதே 'கை மாறும் நேரம்' லண்டனில் உள்ள கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனையையும் படுத்தியது. இருதய அறுவை முடிந்த குழந்தையைத் தியேட்டரிலிருந்து தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்ற வேண்டும். சுவாசக் கருவி, மானிட்டர், மருந்து செல்லும் குழாய்கள் எல்லாவற்றையும் கழற்றி அங்கே மாட்ட வேண்டும். கூடவே தகவல்களையும் ஒப்படைக்க வேண்டும். எல்லாரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள்.

அந்த டாக்டர்கள் டி.வி.யில் ஃபார்முலா ஒன் கார் பந்தயம் பார்த்தபோது பொறி தட்டியது. பந்தயத்தின் நடுவே வந்து நிற்கும் காருக்குச் சில விநாடிகளில் டயர் மாற்றி அனுப்புகிறார்கள். ஆளுக்கு ஒரு வேலை, கத்தல் இல்லை, காரை விடலாமா வேண்டாமா என்று சொல்ல ஒரே ஒருவர். டாக்டர்கள் ஃபெராரி குழுவிடம் போய்க் கற்றுக்கொண்டார்கள். புது முறையில் முதலில் கருவிகள், பிறகு தகவல், பிறகு கலந்து பேசுவது என்று வரிசை வகுத்தார்கள். யார் பொறுப்பு, அது எப்போது கை மாறும் என்பதும் முடிவானது. 2007-ல் வெளியான ஆய்வின்படி ஒரு ஒப்படைப்புக்கு சராசரியாக 5.42 ஆக இருந்த தொழில்நுட்பத் தவறுகள் 3.15 ஆகக் குறைந்தன. ஆட்கள் அதே ஆட்கள்தான்!

டிக் அடித்தால் போதுமா?

உலக சுகாதார நிறுவனம் 2008-ல் அறுவை சிகிச்சைக்கு 19 அம்சங்கள் கொண்ட ஒரு சரிபார்ப்புப் பட்டியல் வெளியிட்டது. நோயாளி யார், எந்த இடத்தில் அறுவை, ஒவ்வாமை உண்டா, பஞ்சும் ஊசியும் எண்ணி ஆயிற்றா என்று எல்லாம் எளிய கேள்விகள். தியேட்டரில் இருப்பவர்கள் தங்கள் பெயரையும் பொறுப்பையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பதும் அதில் உண்டு. டெல்லி உட்பட உலகின் 8 நகரங்களில் ஒவ்வொரு ஆஸ்பத்திரியில் சோதித்தபோது இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்தது என்று 2009-ல் அறிவித்தார்கள்.

இத்தோடு கதை முடிந்திருந்தால் நன்றாக இருக்கும். கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் 101 ஆஸ்பத்திரிகளில் இதே பட்டியலைக் கட்டாயமாக்கினார்கள். 2014-ல் வந்த ஆய்வில் இறப்பு விகிதத்தில் குறிப்பிடும்படி மாற்றம் எதுவும் தெரியவில்லை. ஏன் என்று பெரிய விவாதமே நடந்தது. மேலிடத்து உத்தரவுக்காகக் காகிதத்தில் டிக் அடிப்பது வேறு, ஒருவரையொருவர் கேட்டுச் சரிபார்ப்பது வேறு என்பது பலர் சொன்ன பதில். கடைசி நாளில் உட்கார்ந்து ரெக்கார்டு நோட்டு முடிக்கிற நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை!

எங்க அக்கா நர்ஸாக இருக்கிறாள். அவளிடம் இதைச் சொன்னேன். "பெரிய டாக்டர் கத்தியைக் கையில எடுத்த பிறகு, 'சார், இடது காலா வலது காலா'ன்னு கேக்கிறதுக்கு எவ்வளவு தைரியம் வேணும் தெரியுமாடா?" என்றாள். விஷயமே அதுதான். கேட்டால் திட்டு விழும் என்றால் யாரும் கேட்க மாட்டார்கள். பட்டியல் என்பது அந்தச் சின்ன நர்ஸுக்கும் கேட்க உரிமை கொடுக்கும் ஏற்பாடு. அந்த உரிமை இல்லாத இடத்தில் அது வெறும் காகிதம்.

ஏமி எட்மண்ட்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1990-களில் ஆஸ்பத்திரிகளில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை ஆராய்ந்தார். நல்ல குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கணக்கு தலைகீழாக வந்தது! நல்ல குழுக்களில்தான் தவறு அதிகம் பதிவாகியிருந்தது. அவர்கள் அதிகம் தவறு செய்யவில்லை, தவறை மறைக்காமல் வெளியே சொன்னார்கள். மற்ற இடங்களில் பயத்தில் மூடி வைத்தார்கள். ஆகவே 'எங்க டிபார்ட்மெண்ட்ல தப்பே நடக்காது' என்று ஒருவர் சொன்னால் கொஞ்சம் யோசியுங்கள்.

பள்ளிக்கூடத்தில்

இங்கிலாந்தில் 1862-ல் ஒரு விதி கொண்டுவந்தார்கள். பிள்ளைகளின் வருகையையும், எழுத, படிக்க, கணக்குப் போட அவர்கள் பரீட்சையில் பாஸாவதையும் பொறுத்தே பள்ளிக்குப் பணம். வாத்தியார் ஒழுங்காக வேலை செய்வார் என்று நினைத்தார்கள். நடந்தது என்ன? இன்ஸ்பெக்டர் கேட்பதை மட்டும் பிள்ளைகள் மனப்பாடம் செய்தார்கள். மற்ற பாடங்கள் ஓரங்கட்டப்பட்டன. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் அந்த முறையைக் கைவிட்டார்கள்.

ஜப்பானில் வழி வேறு. சில ஆசிரியர்கள் சேர்ந்து ஒரு பாடத்தைத் திட்டமிடுவார்கள். ஒருவர் வகுப்பு எடுப்பார். மற்றவர்கள் பின்னால் நின்று மாணவர்களைக் கவனிப்பார்கள். எந்த இடத்தில் பிள்ளைகள் முழிக்கிறார்கள்? எந்தக் கேள்வியில் கை தூக்குகிறார்கள்? பிறகு உட்கார்ந்து பாடத்தைத் திருத்துவார்கள். பாடத்தை எல்லாரும் சேர்ந்து தயாரித்ததால் "உனக்கு நடத்தத் தெரியலை" என்ற பேச்சுக்கே இடமில்லை. "நம்ம பாடம் எங்கே இடறுது?" என்பதுதான் பேச்சு.

நாம் செய்யக் கூடியவை

முதலாவது, நம் லேப் பேட்ச். ஆறு பேரில் ஒருவன் மெஷினைத் தொடுவான், ஒருவன் ரீடிங் எடுப்பான், மீதி நாலு பேர் காப்பி அடிப்போம். வைவாவில் முழி பிதுங்கும். ஒவ்வொரு பரிசோதனைக்கும் வேலையை மாற்றிக் கொண்டால் போதும், யாரையும் குறை சொல்ல வேண்டாம்.

இரண்டாவது, ஒப்படைப்பு. எந்த வேலையை விட்டுப் போனாலும் நாலு வரி எழுதி, வாயாலும் சொல்லுங்கள். எது ஓடுகிறது, எது சரியில்லை, என்ன செய்து சமாளித்தேன், அடுத்து என்ன பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

மூன்றாவது, நம்மைவிடச் சின்னவர் "அண்ணே, இது தப்பா இருக்கு போல" என்று சொன்னால் முதலில் நன்றி சொல்லுங்கள். அவர் சொன்னது சரியா தவறா என்பதை அப்புறம் பார்த்துக் கொள்ளலாம். முதல் தடவை முகத்தைச் சுளித்தால் இரண்டாவது தடவை அவர் வாயைத் திறக்க மாட்டார். அந்த இரண்டாவது தடவைதான் உண்மையிலேயே ஆபத்து வந்திருக்கும்.

இதைப் பழக வேலை கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த வருடப் பேரவை விழாவில் மைக் செட் நேரத்துக்கு வராவிட்டால் "யார்டா பொறுப்பு?" என்று கத்துவதற்கு முன், மைக்காரரிடம் நேரத்தைச் சொல்வது யார் என்று கூட்டத்தில் முடிவு செய்திருந்தோமா என்று பாருங்கள். அங்கே ஆரம்பிப்போம் நண்பர்களே!