கீழ்த்தளத்தில் கிடைத்த தமிழ்

ஜீவனஹள்ளியில் நாங்கள் குடியிருக்கும் தெருவில் மாலை ஐந்து மணிக்கு நின்று செவிகொடுப்போர் மூன்று மொழிகளைக் கேட்கலாம். பள்ளி விட்டு வரும் சிறுவர் பாடங்களைப் பற்றிப் பேசுவது ஆங்கிலம். பந்து விளையாடுங்கால் சண்டையிடுவது கன்னடம். பசிக்கிறதென்று தாயாரிடம் முறையிடுவது தமிழ். நம் பிள்ளைகளிடத்தில் தமிழுக்குக் கிடைத்த இடம் அடுப்பங்கரை மட்டுமே என்று நம்மவர் பலர் வருந்துகின்றனர். அவ்வருத்தத்தில் எனக்கும் பங்குண்டு. ஆயினும், அந்த அடுப்பங்கரைத் தமிழை முதலாகக் கொண்டு உலகறிந்த புலவராய் விளங்கிய ஒருவர், இதே கன்னட நாட்டில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர் என்பதை நம் அன்பர்களுக்கு நினைவூட்ட விரும்புகிறேன்.

அவர்தாம் ஏ. கே. ராமானுஜன். 1929-ஆம் ஆண்டு மைசூரில் பிறந்தவர். தந்தையார் கணிதப் பேராசிரியர். வான நூலிலும் ஈடுபாடு மிக்கவர். மாடியில் தந்தையாரின் படிப்பறையில் ஆங்கிலம். கீழே தாயாரும் மற்றப் பெண்டிரும் புழங்கிய அடுக்களையில் தமிழ். வாயிற்படியைத் தாண்டினால் கன்னடம். நம் வீடுகளில் மாடி இல்லையெனினும் ஏற்பாடு ஏறத்தாழ இதுவே அன்றோ?

அவர் கல்லூரியில் பயின்றது ஆங்கில இலக்கியம். கவிதை எழுதியது ஆங்கிலத்திலும் கன்னடத்திலும். தமிழ் அவருக்குப் பேச்சளவில் நின்ற தாய்மொழி. 1962-ஆம் ஆண்டு அமெரிக்காவில் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் பணியேற்ற புதிதில், பழந்தமிழ் கற்பதற்கு எளிய இலக்கண நூல் ஏதேனும் அகப்படுமா என்று தேடிக்கொண்டு அங்குள்ள நூல்நிலையத்தின் கீழ்த்தளத்திற்குச் சென்றார். ஆங்கே அவர் கண்ணிற்பட்டது, டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1937-இல் பதிப்பித்து வெளியிட்ட குறுந்தொகை. அப்போது அவருக்கு வயது முப்பத்து மூன்று. மைசூரில் தாயாரின் அருகில் இருந்தபோது கிட்டாத நூல், கடல் கடந்து சென்ற பின் ஒரு நிலவறையிற் கிட்டியது!

கற்பனைக்கு உந்துதல் திடீரென்று வானினின்று இறங்குவதாக நம்மவர் கருதுவதுண்டு. இச்சம்பவத்தையும் அவ்வாறே சொல்லிவிடலாம். ஆனால் அது சரியாகாது. அந்தப் புத்தகம் கிட்டுமுன்பே அவர் இலக்கணம் தேடிப் புறப்பட்டுவிட்டார். செவியில் தாய்மொழியின் ஓசை இருந்தது, பொருள் விளங்கவில்லை. அக்குறையைத் தாமே உணர்ந்து, மாணவனைப்போல் அரிச்சுவடியிலிருந்து தொடங்கத் துணிந்தவர் கண்ணுக்குத்தான் அந்நூல் புலப்பட்டது. பின்னர் ஐந்தாண்டு உழைப்பு. குறுந்தொகைப் பாடல்களிற் சிலவற்றை ஆங்கிலமாக்கி 1967-இல் வெளியிட்டார். நூலின் தலைப்பைத் தமிழிற் சொன்னால் 'உள்ளத்தின் நிலக்காட்சி' எனலாம். குறிஞ்சியும் முல்லையும் நெய்தலும் மண்ணின் பிரிவுகளாக மட்டுமன்றி மனத்தின் நிலைகளாகவும் அமையும் திணை மரபை அயல்நாட்டார் அதன்வழி அறிந்தனர். 1981-இல் நம்மாழ்வார் பாசுரங்கள், 1985-இல் சங்க நூல்கள் பலவற்றின் பாடல்கள் என்று அப்பணி தொடர்ந்தது. 1993-இல் அவர் மறைந்தார்.

குறுந்தொகையின் நாற்பதாம் பாட்டு, செம்புலப்பெயனீரார் பாடியது, அவருடைய மொழிபெயர்ப்பில் இலண்டன் நகரத்துச் சுரங்க ரயில் வண்டிகளில் பயணிகள் படிக்குமாறு ஒட்டப்பட்டது. ரயில்வே குமாஸ்தாவாகிய எனக்கு இச்செய்தி தந்த மகிழ்ச்சியைப் பொறுத்தருள்க. நம் பெட்டிகளில் அபராத அறிவிப்புகளுக்கே இடம் போதவில்லை.

சங்கப் பாட்டோடு அவர் நின்றாரல்லர். கன்னட நாட்டுப் பெண்டிர் வீட்டுக்குள் சொல்லிவந்த கதைகளையும் பல்லாண்டு திரட்டினார். அவற்றுள் ஒன்று பூமரமாகும் பெண்ணின் கதை. ஏழைத் தாயின் இளைய மகள், ஒரு குடம் நீர் வார்த்தால் மரமாவாள்; மறு குடம் வார்த்தால் மீண்டும் பெண்ணாவாள். மலரை மட்டும் கொய்யலாம். தளிரையோ கிளையையோ ஒடித்தலாகாது. அம்மலரை விற்றுக் குடும்பம் பிழைக்கிறது. அரசகுமாரன் அவளை மணக்கிறான். அவன் தங்கை விளையாட்டாக அவளை மரமாக்கித் தோழியருடன் கிளைகளை முறித்துவிட, கைகால் இழந்த உடலாய்க் கிடக்கிறாள். இறுதியில் கணவனே நீர் வார்த்து, ஒடிந்த கிளைகளைப் பொருத்தி, அவளை மீட்கிறான்.

அடுக்களைக் கதைதானே என்று தள்ளியிருக்கலாம். கிரீஷ் கார்னாட் இதனைத் தழுவி 1992-இல் 'செலுவி' என்னும் திரைப்படம் எடுத்தார். அவருடைய 'நாகமண்டல' நாடகமும் ராமானுஜன் சொல்லக் கேட்ட கதைகளில் பிறந்ததே. அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் ஆடம்ஸ், இப்பூமரக் கதையையும் ராமானுஜன் மொழிபெயர்த்த பழம் பாடல்களையும் கொண்டு ஓர் இசைநாடகம் இயற்றினார். அது 2006 நவம்பரில் வியன்னா நகரில் அரங்கேறியது. மைசூரிற் பிறந்தவரும், சென்னையில் சோழமண்டல ஓவியர் கிராமத்தை 1966-இல் நிறுவியோருள் ஒருவருமான ஓவியர் எஸ். ஜி. வாசுதேவ் ராமானுஜனின் கவிதைகளைக் கொண்டு ஓவியங்கள் தீட்டினார். அவர் பின்னாளில் நம் பெங்களூரிலேயே குடியேறியவர்.

சென்ற மாதம் இரவுணவுக்குப் பின் என் தாயாரிடம் பூமரக் கதையைச் சொன்னேன். அவர் வட ஆற்காட்டிலிருந்து மணமாகி வந்தவர். பாதியிலேயே என்னை மறித்து, "அப்படி இல்லைடா, தண்ணி ஊத்துறது அக்கா இல்லை, பெத்தவ" என்றார். பிறகு தாம் கேட்ட கதையைத் தாமே சொல்லலானார். முப்பத்தைந்து வயது வரையில் அதை நான் கேட்டதில்லை. கேட்கவேண்டும் என்று தோன்றியதுமில்லை.

பதினொரு வயதான என் மகள் பள்ளி நோட்டை எடுத்துப் பாட்டி சொல்வதை எழுதினாள். எட்டிப் பார்த்தேன். சொற்கள் யாவும் தமிழ். எழுத்து முழுதும் கன்னடம். தமிழெழுத்து அவளுக்குத் தெரியாது. கற்பிக்கும் பொறுப்பு எனக்கிருந்தும் நாளை நாளை என்று கடத்திவந்தேன். இப்போது இரவுதோறும் அந்நோட்டை நடுவில் வைத்து இருவரும் ஒவ்வொரு வரியாகத் தமிழெழுத்தில் மாற்றிக்கொண்டிருக்கிறோம். ஆறு பக்கம் முடிந்தது. இன்னும் அரசகுமாரன் வரவில்லை.

அன்பர்கள் தத்தம் வீட்டு முதியோரிடம் இக்கதையைக் கேட்டுப் பார்க்க வேண்டுகிறேன். நீர் வார்ப்பவள் யார், மரம் என்ன மரம் என்பன ஊருக்கு ஊர் வேறுபடக்கூடும். எழுதியனுப்பினால் நம் இதழில் வெளியிடலாம். எழுத்து எந்த மொழியினதாயினும் சரி. பெயர்த்தெழுத எங்கள் வீட்டில் இருவர் இருக்கிறோம்.